தென் தலைநகர் நாஞ்சிங்

சீன தேசத்தின் யாங்சி ஆற்றங்கரையிலே, ஜியாங்சு மாகாணத்தின் தலைநகராக விளங்குவது நாஞ்சிங் நகரம். பழைய நூல்கள் இதனை நான்கிங் என்று கூறும். இப்பெயருக்குத் தென் தலைநகர் என்பது பொருள்.

இலங்கைக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. அனுராதபுரத்தில் ஈராண்டுகள் தங்கி, அபயகிரி விகாரையின் சிறப்பைக் கண்ட பாகியன் என்னும் துறவி, தாயகம் மீண்டபின் தமது யாத்திரை வரலாற்றை எழுதியது இந்நகரிலேயாம். அந்நாளில் இது ஜியான்காங் என வழங்கிற்று.

1368-இல் மிங் வம்சத்தின் முதற் பேரரசர் ஹொங்வூ இதனைத் தலைநகராக்கினார். அவர் எழுப்பிய மதிலின் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மதிலின் பருமையினும் அதன் செங்கல்லே வியப்புக்குரியது. பல மாவட்டங்களிலிருந்து ஆற்றுவழியாக வந்த செங்கற்களிலே, சுட்டவர் பெயரும், மேற்பார்த்த அதிகாரி பெயரும், ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. கல் பழுதாயின் எவரை வினவுவதென்பதில் ஐயமிராது. அரசனுக்கு அது கண்டிப்பு. ஆயினும், வரலாற்றேடுகளில் இடம்பெறாத எளிய தொழிலாளரின் பெயர்கள் அதனாலேயே இன்றளவும் நிலைத்துள்ளன.

தளபதி செங் ஹோவின் பெருங்கலங்கள் இந்நகரின் கப்பற்றுறையிலே கட்டப்பட்டன. 1957-இல் அவ்விடத்தில் அகழ்ந்தெடுத்த சுக்கான் தண்டு 11 மீற்றர் நீளமுடையது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறித்த கல்லொன்றை அக்கப்பல்கள் இலங்கைக்குக் கொணர்ந்தன. சீன வாசகம் புத்தபிரானையும், தமிழ் வாசகம் தென்னாவரை நாயனாரையும் போற்றுகின்றன. பாரசீக வாசகமோ இஸ்லாத்துக்குரியது. 1911-இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்த அது, இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது.

1421-இல் தலைநகர் பீக்கிங்குக்கு மாறியது. 1842-இல் இங்கு நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பலொன்றிலே கையெழுத்தான உடன்படிக்கையால் ஹொங்கொங் பிரித்தானியர் வசமாயிற்று. 1853 முதல் 1864 வரை தைப்பிங் கிளர்ச்சிக்காரர் இதனை ஆண்டனர். உலகம் வியந்த பீங்கான் கோபுரம் அவர் காலத்தில் தகர்ந்தது. 1912 ஜனவரி முதலாந் திகதி சன் யாட் சென் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்றதும் இங்கேதான்.

1937 டிசம்பர் 13-ஆந் திகதி யப்பானியப் படைகள் நகருட் புகுந்தன. அடுத்த ஆறு வாரங்களில் நிகழ்ந்தவை சொல்லுந்தரமல்ல. கொல்லப்பட்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என ரோக்கியோ நீதிமன்றம் கணித்தது. மூன்று இலட்சம் என்பது சீனர் கணக்கு. அவ்வேளையில் நகரைவிட்டு நீங்க மறுத்த வெளிநாட்டார் சிலர், ஜெர்மானியரான ஜோன் ராபே தலைமையில் ஒரு பாதுகாப்பு வலயம் அமைத்தனர். ஜின்லிங் மகளிர் கல்லூரியைப் பொறுப்பேற்றிருந்த அமெரிக்க ஆசிரியை மின்னி வோட்ரின், ஏறக்குறைய பதினாயிரம் பெண்களையும் குழந்தைகளையும் வகுப்பறைகளிலும் தாழ்வாரங்களிலும் தங்கவைத்தார். படைவீரர் வந்தபொழுதெல்லாம் வாயிலுக்கு ஓடித் தடுத்தார்; எல்லா வேளையும் தடுக்க இயலவில்லை. காக்க முடியாமற் போனவர்களின் நினைவு அவரை வருத்திக்கொண்டேயிருந்தது. தாயகம் திரும்பிய அவர், 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மாண்டோருக்கான நினைவாலயம் 1985-இல் அமைந்தது. 2014 முதல் டிசம்பர் 13-ஆந் திகதி சீனாவின் தேசிய நினைவுநாளாக அநுட்டிக்கப்படுகின்றது.