மால்டா: மூணு சீட்டும் ஒரு நாற்காலியும்

சின்ன நாடு ஒண்ணு பெரிய கூட்டமைப்புல போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்? கறிவேப்பிலை கதைதான், மணத்துக்குப் போட்டுட்டு சாப்பிடும்போது ஒதுக்கிடுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். மால்டாவைப் பத்திப் படிச்சப்போ, என் கேள்வியே மாறிடுச்சு.

இத்தாலியோட சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடல்ல இருக்கு மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள்ல இதுதான் ரொம்பச் சின்னது.

ஆனா இந்தத் தீவு ஒரு பெரிய அமைப்போட சேர நினைச்சது அதுதான் முதல் தடவை இல்லை. 1956ல மால்டா பிரிட்டிஷ் காலனி. அன்றைய பிரதமர் டாம் மின்டாஃப், தொழிலாளர் கட்சிக்காரர். பிரிட்டனோடயே இணைஞ்சிடலாம்னு சொன்னார். லண்டன் நாடாளுமன்றத்துல மூணு சீட் கிடைக்கும். வாக்கெடுப்பு நடந்துச்சு. 77 சதவீதம் பேர் ‘சரி’ன்னாங்க. ஆனா தேசியவாதக் கட்சி புறக்கணிச்சதால வாக்களிச்சதே 59 சதவீதம் பேர்தான். அப்புறம் பணப் பேச்சுவார்த்தையும் இழுபறியாச்சு. திட்டம் கைவிடப்பட்டது. 1964ல மால்டா சுதந்திர நாடு. பிரிட்டனோட சேரணும்னு சொன்ன அதே மின்டாஃப் பிரதமரா இருந்தப்போதான், 1979 மார்ச் 31ல கடைசி பிரிட்டிஷ் படையும் கிளம்பிப் போச்சு!

2003ல காட்சி அப்படியே தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்துல சேரணும்னு சொன்னது தேசியவாதக் கட்சி, வேண்டாம்னது தொழிலாளர் கட்சி. மார்ச் மாச வாக்கெடுப்புல சுமார் 91 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டாங்க. ஆதரவு 53.65 சதவீதம். ‘மொத்த வாக்காளர்கள்ல இது பாதிகூட இல்லையே’ன்னு எதிர்த்தரப்பு முடிவை ஏத்துக்கல. அடுத்த மாசமே பொதுத்தேர்தல். அதுல தேசியவாதக் கட்சி ஜெயிச்ச பிறகுதான் விஷயம் முடிவுக்கு வந்துச்சு. 2004 மே 1ல மால்டா உறுப்பு நாடு.

இந்த ரெண்டு இணைப்புக்கும் என்ன வித்தியாசம்? 1956ல கிடைச்சிருக்கக்கூடியது 600க்கும் மேற்பட்டவங்க இருக்கிற அவையில மூணு சீட். 2004ல கிடைச்சது தனி நாடா உட்கார ஒரு நாற்காலி. வரி, வெளியுறவு மாதிரி விஷயங்கள்ல எல்லா நாடும் ஒத்துக்கணும். அங்க மால்டாவோட ‘முடியாது’வும் ஜெர்மனியோட ‘முடியாது’வும் ஒரே எடைதான். அரபியோட நெருங்கிய உறவுள்ள மால்டிய மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. பிடிக்கலைன்னா வெளியேற வாசலும் உண்டு. அந்த வாசல் வழியா 2020ல வெளிய போனது யாரு? பிரிட்டன்!

அதுக்காக எல்லாம் இனிப்புன்னு சொல்லல. மால்டா பாஸ்போர்ட் இருந்தா 27 நாட்டிலயும் வாழலாம். அதனால பணக்கார வெளிநாட்டவருக்குக் குடியுரிமையை விலைக்குக் கொடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல ஐரோப்பிய நீதிமன்றம், குடியுரிமை வணிகப் பொருள் இல்லைன்னு அதைத் தடுத்துச்சு. நாற்காலி கொடுத்த வீட்டுக்கு விதியும் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு. அஞ்சு லட்சம் பேரோட நாடு, 45 கோடி பேருக்கான முடிவை நிறுத்தலாமான்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த நிறுத்துற உரிமையை எடுத்துட்டா, மால்டா திரும்ப 1956க்கே போயிடும். கையில சில சீட் இருக்கும், பேச்சு எடுபடாது.

அதனால இப்போ யாராவது ‘சின்னது பெரியதோட சேரலாமா’ன்னு கேட்டா, நான் திருப்பி ரெண்டு கேள்வி கேக்குறேன். முடியாதுன்னு சொல்ல உரிமை இருக்கா? வெளிய போக வாசல் இருக்கா?

உங்க பதிலை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.