மின்சாரம் போனால் தொலைபேசி பேசுமா?

மலாக்கா நீரிணையின் ஓரத்தில் வாழும் நமக்குச் ‘சுமத்திரா’ என்னும் புயற்காற்று புதியதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடிவதற்கு முன்னரோ காலை வேளையிலோ, கடலுக்கு அப்பாலிருந்து இடிமேகங்கள் அணிவகுத்து வரும். சிறிது நேரம் காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்துவிடும். போகும்போது சில சமயம் வீட்டு மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் போகும்.

அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில், ஜாசினுக்கு அருகில் தனியாக இருந்த எங்கள் பெரியம்மாவுக்குத் தலைசுற்றல் கண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தொலைபேசியை எடுத்தார். அதில் ஒலியே இல்லை. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் வரையில் இருட்டில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல வேளை, பெரிய தீங்கு நேரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “முன்னெல்லாம் கரண்டு போனாலும் போன் பேசுமே, இப்ப ஏன்பா பேசல?”

அந்த வீட்டில் இணையப் பெட்டியைப் பொருத்தியவர்கள் நாங்களே. ஆனால் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் குறை நேரக்கூடாது என்பதற்காகவே இன்று இதைப் பேசுகிறோம்.

பெரியம்மாவின் நினைவு சரியானதுதான். தோட்டங்களில் முன்பு தொலைபேசி என்றால் பெரும்பாலும் ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான் இருக்கும். லயத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் கிராணியைத் தேடி ஓட வேண்டும். பின்னர் வீடுகளுக்கும் தொலைபேசி வந்தது. அது இரண்டு செம்புக் கம்பிகளின் வழியே வந்தது. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக வைத்திருக்கும் மின்கலங்களிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பிகளிலேயே வீட்டுக்கு வந்து சேரும். ஆகவே வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. 2001இல் வந்த ‘ஸ்ட்ரீமிக்ஸ்’ இணையச் சேவையும் அதே செம்புக் கம்பியில்தான் ஓடியது. எனவே அப்போதும் தொலைபேசிக்குக் குறைவில்லை.

2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா ‘யூனிஃபை’ என்னும் கண்ணாடி இழைச் சேவையைத் தொடங்கியது. மயிரிழை போன்ற கண்ணாடியின் வழியே ஒளி வருகிறது, மின்சாரம் வருவதில்லை. மாற்றம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தை இனி நம் வீட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் நம் குரல் எப்படிப் போகிறது? நாம் பேசும்போது பெட்டிக்குள் இருக்கும் கருவி அந்த ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை வினாடிக்கு ஐம்பது சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. மறுமுனையில் பொட்டலங்கள் அவிழ்ந்து மீண்டும் குரலாகின்றன. பெட்டி நின்றுபோனால் பொட்டலம் கட்ட ஆளில்லை. அதனால்தான் பெரியம்மாவின் தொலைபேசி ஊமையானது.

இனி, பெட்டியை வைக்கும் முறையைப் பார்ப்போம். கண்ணாடி இழை வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ‘ரூட்டர்’ என்னும் இரண்டாவது பெட்டிக்குப் போகும். சில வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இழையைக் கூர்மையாக மடக்கக்கூடாது. அதன்மேல் அலமாரியை நகர்த்தி வைக்கவும் கூடாது. கண்ணாடி அல்லவா, உள்ளுக்குள் முறிந்துவிடும். முதலில் இழைப் பெட்டியின் விசையைப் போட்டு அதன் விளக்குகள் நிலைக்கும் வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு ரூட்டரின் விசையைப் போடுங்கள். ரூட்டரைக் கூடியவரை வீட்டின் நடுப்பகுதியில், சற்று உயரத்தில் வையுங்கள். இரும்பு அலமாரிக்குப் பின்னாலும் மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைத்தால் வைஃபை அலை தடைப்படும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

தொலைபேசியை எங்கே செருகுவது? பலர் தவறுவது இங்கேதான். பழைய பழக்கத்தில் சுவரில் உள்ள பழைய துளையில் செருகிவிட்டு, ஒலி வரவில்லையே என்று திகைக்கிறார்கள். செம்புக் கம்பியின் சேவை நிறுத்தப்பட்ட வீட்டில் அந்தத் துளைக்கு உயிரில்லை. இணையத் தொலைபேசியின் கம்பியை, தொலைபேசிப் படமோ பெயரோ பொறித்த பெட்டித் துளையில் செருக வேண்டும். கணினிக் கம்பிக்கான துளைகள் இதைவிட அகலமானவை. பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

தொலைபேசியிலும் இரண்டு வகை உண்டு. கம்பியில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் வகைக்கு அதன் தாங்கியிலும் தனி மின்சாரம் வேண்டும். கம்பி கோத்த சாதாரணத் தொலைபேசிக்கு அது வேண்டாம். பெட்டி தருவதே போதும். ஆகவே வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கம்பி கோத்த தொலைபேசி ஒன்றாவது இருக்கட்டும்.

மின்சாரம் நின்றால் பெட்டியை எப்படி ஓட்டுவது? ‘மினி யூபிஎஸ்’ என்று கடைகளில் விற்கும் சிறிய மின்கலப் பெட்டி இதற்கு உதவும். வாங்குமுன் ரூட்டரின் அடியிலோ அதன் மின்கம்பியின் தலையிலோ எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆனாலும் பார்க்காமல் வாங்காதீர்கள். வோல்ட் மாறினால் பெட்டி கெட்டுவிடும். 12 வோல்ட், 1 ஆம்பியர் பெட்டி அதிகமாகப் போனால் 12 வாட் எடுக்கும். 36 வாட்-மணி கொண்ட மின்கலம் அதைச் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடலாம். இழைப் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்தே இயக்க வேண்டும். இல்லையேல் ரூட்டர் விழித்திருந்தும் பயனில்லை. அப்போது நேரமும் குறையும்.

இன்னொரு வழக்கத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இடி இடித்தால் எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிடுவது நம் வீடுகளில் நெடுநாளைய பழக்கம். அது நல்ல பழக்கமே. கண்ணாடி இழையில் மின்னலின் மின்சாரம் ஏறாது என்றாலும், மின்கம்பி வழியே அது பெட்டிக்கு வரக்கூடும். ஆனால் செருகியைப் பிடுங்கினால் தொலைபேசியும் போகிறதே! மின்கலப் பெட்டி இருந்தால் இதற்கும் வழி உண்டு. மின்கலப் பெட்டியின் செருகியை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ரூட்டர் மின்கலத்தில் ஓடும், தொலைபேசி பேசும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டப்பகலில், வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, வீட்டின் முதன்மை விசையை அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். ஒலி வருகிறதா? மகனின் கைத்தொலைபேசிக்கு அழைப்புப் போகிறதா? அங்கிருந்து வீட்டின் 06 எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் மணி அடிக்கிறதா? வயதானவரையே எடுத்துப் பேசச் சொல்லுங்கள். வெளியே கம்பத்தில் இழை அறுந்துவிட்டால் மின்கலம் இருந்தும் பயனில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். எனவே, மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்றும் படுக்கையருகே இருக்க வேண்டும்.

கடைசியாக, ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 999 என்று எழுதுங்கள். அதன் கீழே தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும் என்பதை எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டுங்கள். தோட்டத்து வீடுகளுக்குத் தெருப்பெயர் இருப்பதில்லை; செம்பனைகளுக்கு நடுவே வழி தேடும் ஆம்புலன்சுக்கு அந்த நாலு வரிதான் விளக்கு.

இன்று பிள்ளைகள் ஆயர் குரோவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது பெற்றோருக்குப் புதிய பெட்டி வாங்கித் தருகிறார்கள். மகிழ்ச்சிதான். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: திரும்பிப் போகுமுன், ஒருமுறை அந்த முதன்மை விசையை அணைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கள் பெரியம்மாவின் வீட்டில் இப்போது அந்தச் சோதனை முடிந்துவிட்டது. அண்மையில் மின்சாரம் நின்றபோது அவரே எங்களை அழைத்தார். “கரண்டு இல்ல, ஆனா போன் பேசுது” என்றார். அந்தச் செய்தியைச் சொல்வதற்காகவே அழைத்திருந்தார்.