ஊராட்சியா, பேரூராட்சியா? நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட இம்மேடையில், ஊர் நிர்வாகம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். ஜமாஅத் மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் மஹல்லாவின் வீடுகளுள் ஒரு பகுதி பத்மநாபபுரம் நகராட்சிக்குள் இருக்கிறது. மற்றொரு பகுதி சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிறது. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிற இருவரில் ஒருவர் செலுத்தும் வரி வேறு, மற்றவருக்குக் கிடைக்கும் உரிமை வேறு. ஊராட்சியாக இருக்கும் நம் சிற்றூர்கள் பேரூராட்சியாக வேண்டுமா, அல்லது அருகிலுள்ள நகராட்சியோடு சேர வேண்டுமா என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் எழும்போதெல்லாம், கௌரவத்தைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. கணக்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தக் கணக்கை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊரகத்துக்கு ஊராட்சிகளையும், நகர்ப்புறத்துக்கு நகராட்சிகளையும் உறுதி செய்தன. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கென்று இடைநிலை அமைப்பு ஒன்றையும் 74-ஆவது திருத்தம் வகுத்தது. அதுவே நம் நாட்டில் பேரூராட்சி எனப்படுகிறது. ஓர் ஊரை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத தொழில்களில் உள்ளோரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இறுதி முடிவு மாநில அரசுடையது. ஆயினும் அறிவிப்பு வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்ட பின்னரே அதனைச் செய்ய இயலும். நமக்குள்ள வாசல் அந்த ஆட்சேபணைக் காலமே.

நம் மாவட்டத்தின் நிலை தமிழகத்தில் தனித்தன்மை உடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவர். சென்னைக்கு அடுத்த நிலையில் நாமே நிற்கிறோம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இங்கே நாகர்கோவில் மாநகராட்சி ஒன்று, பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு என நான்கு நகராட்சிகள், 51 பேரூராட்சிகள் இருந்தன. ஊராட்சிகளோ 95 மட்டுமே. பல மாவட்டங்களில் ஊராட்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்க, பேரூராட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கு வீட்டுக்கு வீடு தென்னையும் வாழையும் நிற்க, விளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு மக்கள் நெருங்கி வாழ்வதால், கணக்கெடுப்பின் கண்ணுக்கு எல்லாம் நகரமாகத் தெரிகிறது. ஆனால் அந்த நகரவாசி காலையில் எழுந்து ரப்பர் பால்வெட்டுக்குத்தான் போகிறார். பேரூராட்சி என்று பலகை தொங்கும் பல ஊர்கள் வாழ்க்கையளவில் கிராமங்களாகவே இருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் பத்மநாபபுரம் நகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூரின் பழைய தலைநகர் என்ற பெருமை உடையது. கோட்டையும் அரண்மனையும் ஒருபுறம், தக்கலைச் சந்தியும் கடைவீதியும் மறுபுறம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 21 ஆயிரம் மட்டுமே; வார்டுகள் 21. சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய சிறு நகராட்சிகளைச் சுற்றி எழுவது இயல்பே. 2021-இல் கொல்லங்கோடு, ஏழுதேசம் ஆகிய இரு பேரூராட்சிகள் இணைந்து நகராட்சியானதை நாம் கண்டோம்.

பெயர் மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்குத் தமிழக அரசின் சொந்த வரலாறே சான்று. 2004-இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் ஒரே ஆணையில் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. ஊரகப் பகுதிகளுக்கென்று மத்திய அரசு வழங்கும் நிதியை அவையும் பெற வேண்டும் என்பதே காரணம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டே ஆண்டுகளில் பலகை இருமுறை மாறியது. தெருவும் ஓடையும் மாறவில்லை. ஆனால் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும், எந்தச் சட்டம் பொருந்தும் என்பது மாறியது.

அதன் விளைவை நம் மாவட்டம் உடனே உணர்ந்தது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் 2008 ஏப்ரலில் நம் மாவட்டத்துக்கு வந்தபோது, அது ஊராட்சிகளுக்கு மட்டுமே வந்தது. நூறு நாள் வேலை என்று நம் பெண்கள் அழைத்த அவ்வேலை, குளத்தைத் தூர்வாரவும் சானல் கரையைச் செம்மையாக்கவும் பயன்பட்டது. ஓடையின் இக்கரை ஊராட்சியாகவும் அக்கரை பேரூராட்சியாகவும் இருந்தால், இக்கரையில் உள்ள விதவைக்கு அட்டை கிடைத்தது. அக்கரையில் உள்ள விதவைக்குக் கிடைக்கவில்லை. 2025 இறுதியில் அச்சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாட்கள் என்று கூறுகிறது. அதுவும் ஊரகக் குடும்பங்களுக்கே உரியது. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் ஊரகக் குடிசைகளை நோக்கியதே. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கவும், 25 புதிய பேரூராட்சிகளை அமைக்கவும் அரசு அறிவிப்பு வெளியிட்டபோது, மாநிலத்தின் பல இடங்களில் மக்கள் சாலைக்கு வந்ததற்கு முதற்காரணம் இந்த வேலைதான். இரண்டாவது காரணம் வரி.

வரியைப் பற்றியும் தெளிவாகப் பேசுவோம். ஊராட்சியில் நாம் செலுத்துவது சிறு தொகையான வீட்டு வரி. நகர்ப்புற உள்ளாட்சியில் சொத்து வரி கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு, இருக்கும் பகுதி ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2022 ஏப்ரலில் தமிழகத்தில் அவ்வரி உயர்ந்தபோது, நம் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்து ஒருவர் கட்டிய பெரிய வீட்டில் இன்று வயதான பெற்றோர் மட்டுமே இருக்கிறார்கள் என்றாலும், வரி வீட்டைத்தான் பார்க்கும், வருமானத்தைப் பார்க்காது. நம் ஜமாஅத்துக்கும் இது பொருந்தும். தொழுகை நடக்கும் பள்ளிவாசலுக்கும் கபரஸ்தானுக்கும் சொத்து வரி விலக்கு உண்டு. ஆனால் வாடகைக்கு விடப்பட்ட பள்ளிவாசல் கடைகளுக்கு விலக்கு இல்லை. அக்கடைகளின் வாடகையில்தான் மதரஸா உஸ்தாதின் ஊதியம் அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், பேரூராட்சியே வேண்டாம் என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாகாது. மறுபக்கமும் உண்டு. ஓர் ஊராட்சியின் அலுவலகத்தில் ஒரு செயலர் இருப்பார். தூய்மைக் காவலர்கள் சிலர் இருப்பார்கள். பேரூராட்சிக்குச் செயல் அலுவலர், வரி வசூலிப்போர், சுகாதாரப் பணியாளர் என்று நிரந்தர அமைப்பு உண்டு. நெடுஞ்சாலையோரம் கடைகளும் கல்யாண மண்டபங்களும் பெருகி, கழிவுநீர் ஓடையில் விடப்பட்டு, குப்பை பாலத்தடியில் எரிக்கப்படும் இடத்தில், ஒரு செயலரால் என்ன செய்ய இயலும்? கிணறுகள் கெட்டபின் சிறு வரி என்ற ஆறுதல் எவருக்கும் உதவாது. நகரமாகிவிட்ட இடத்துக்கு நகர நிர்வாகம் வேண்டும் என்பதை மறுப்பது நேர்மையாகாது.

அடுத்தது, நம் குரல் எங்கே கேட்கும் என்பது. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; கட்சிச் சின்னம் இல்லை. பேரூராட்சித் தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கிறது. 2022-இல் தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தனர். ஊராட்சியில் கிராம சபை உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுமாறு அரசு செய்தது. கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் அங்கே உண்டு. நகர்ப்புறத்தில் 2022-இல் பகுதி சபைகள் வந்தாலும், கிராம சபையின் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. இவ்வுரிமையை நாம் எந்த அளவுக்குப் பயன்படுத்தினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மஷூராவைப் போற்றும் சமுதாயம் கிராம சபையில் பின்வரிசையில்கூட இல்லையென்றால், எந்த அமைப்பு வந்தாலும் நமக்குப் பயன் குறைவே.

எல்லைக்கு அப்பால் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பேரூராட்சி என்ற வகையே இல்லை. 941 கிராம பஞ்சாயத்துகளும் அளவிற் பெரியவை; 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழி நிதியும் அலுவலரும் அவற்றுக்குக் கிடைத்தன. நகரத்தின் ஏழைகளுக்கென்று அய்யன்காளி பெயரில் தனி வேலை உறுதித் திட்டமும் அங்கே உண்டு. கிராமம் என்ற பெயரை இழக்காமலே வலிமை பெற வழி இருக்கிறது என்பதும், நகரமானாலும் ஏழையின் வேலையைக் காக்க வழி இருக்கிறது என்பதும் அதனால் தெரிகிறது. தமிழகத்தில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் முன்னோட்டமாக மட்டுமே, மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சி என்ற அளவில் தொடங்கப்பட்டது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கௌரவத்துக்காகப் பேரூராட்சி கேட்க வேண்டாம். பயத்தினால் அதனை மறுக்கவும் வேண்டாம். பெரும்பாலோர் கூலி வேலையை நம்பி வாழும் உட்பகுதி ஊராட்சிகள், நகர்ப்புற வேலை உறுதி முழுமையாக வரும்வரை ஊராட்சியாகவே இருப்பது நல்லது. சாலையோரம் நகரமாகிவிட்ட பகுதிகளுக்கு மாற்றம் தேவைதான். அப்போதும் பெரிய நகராட்சியின் ஓரத்து வார்டாகச் சேர்வதைவிட, தனிப் பேரூராட்சியாக இருந்து நம் குப்பைக்கும் நம் நீருக்கும் நாமே பொறுப்பேற்பதே மேல்.

இதற்காக ஜமாஅத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நம் மஹல்லாவில் எத்தனை குடும்பங்கள் ஊரக வேலை அட்டையை நம்பியுள்ளன, எத்தனை வீடுகள் எந்தப் பரப்பில் உள்ளன என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். சந்தா வசூலிக்கச் செல்லும் இளைஞர்களே இதனைச் செய்யலாம். இரண்டு, 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதை நினைவில் கொண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் நம் ஊர் எல்லை பற்றிய எந்த அறிவிப்பும் கவனிக்கப்படாமல் போகாதவாறு ஒரு சிறு குழு அமையுங்கள். மூன்று, ஆட்சேபணையோ ஆதரவோ எதுவாயினும், அதனை எழுத்தில், கணக்கோடு, குறித்த நாளுக்குள், அண்டை ஊர்ச் சகோதர சமுதாயத்தாரையும் சேர்த்துக்கொண்டு கொடுங்கள். ஓடையும் சாலையும் எல்லோருக்கும் பொது. இது நம் ஒரு சமுதாயத்தின் காரியம் அன்று.

வீடு வீடாக எடுக்கும் அக்கணக்கு அடுத்த ஆண்டறிக்கையில் இரண்டு பக்கமாக இடம்பெற வேண்டும் என்பது என் அவா. வல்ல இறைவன் நம் ஊருக்கும் ஊராருக்கும் நன்மையானதை நாடுவானாக. ஆமீன்.