இல்லத் தோட்ட மிளகாயும் ஊறுகாய்த் தொழிலும்: சிக்கிம் தரும் படிப்பினை

(மாணவர்களும் அலுவலர்களும் பங்கேற்ற கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

கிராமப் பொருளாதாரத்தைப் பற்றிய பேச்சில் நெல், கோதுமை, கரும்பு, பருத்தி ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. வீட்டின் பின்புறத்தில் நிற்கும் பத்து மிளகாய்ச் செடிகள் புள்ளிவிவர அட்டவணையில் எளிதில் இடம்பெறுவதில்லை. ஆயினும், குடும்பத்தின் கைச்செலவுக்கு உதவுவதும், பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருப்பதும் இத்தகைய சிறு விளைச்சலே. அது வீணாகாமல் வருமானமாக மாறுவதற்கு என்ன தேவை என்பதைச் சிக்கிம் மாநிலத்தின் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராயலாம்.

1975-ஆம் ஆண்டில் இந்தியாவின் மாநிலமாகிய சிக்கிமில் ‘டல்லே குர்சானி’ என்னும் மிளகாய் பயிராகிறது. நேபாளி மொழியில் ‘டல்லே’ என்றால் உருண்டையானது. ‘குர்சானி’ என்றால் மிளகாய். உருண்டு சிவந்த இக்காய் கடுங்காரமும் தனி மணமும் உடையது. 2020-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சதைப்பற்று மிகுந்திருப்பதால், குண்டூர் மிளகாயைப் போல் களத்தில் பரப்பி உலர்த்தி மூட்டை கட்டுவது எளிதன்று. மழையும் ஈரக்காற்றும் மிகுந்த மலைப்பகுதியில் வெயிலை நம்பவும் இயலாது. எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் காய் பழுக்கும்போது சந்தையில் விலை சரிகிறது. பருவம் முடிந்து விலை ஏறும்போதோ விளைவித்தவரிடம் விற்பதற்குக் காய் இருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது ஊறுகாய். சிங்தாம் நகரிலுள்ள அரசுப் பழப் பதனத் தொழிற்சாலை இம்மிளகாயைப் புட்டிகளில் அடைத்து விற்று, இதற்கு வெளியிடங்களிலும் வாடிக்கையாளர் உண்டு என்பதை எடுத்துக்காட்டியது.

ஆனால், வீட்டு உபயோகத்திற்கு ஊறுகாய் போடுவதும், முன்பின் அறியாதவருக்கு விற்பதற்காகப் புட்டியில் அடைத்து மூடுவதும் ஒன்றல்ல. காற்றுப் புகாத புட்டியில் ஒருவகை நுண்ணுயிர் வளர்ந்து ‘பாட்டுலிசம்’ என்னும் நோயைத் தரும் நச்சினை உண்டாக்கக்கூடும். அந்நச்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடும் ஆற்றல் உடையது. பண்டத்தின் நிறமும் மணமும் மாறாமலே அது இருக்கக்கூடும் என்பதால் ஆபத்து மிகுதி. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேற்பட்ட பண்டங்களில் இந்நுண்ணுயிர் வளரும். பச்சை மிளகாயின் அளவு பொதுவாக அதற்கு மேற்பட்டதே.

இது தொடர்பாக மூன்று தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. கடுங்காரம் கிருமியைக் கொன்றுவிடும் என்பது முதலாவது. காரத்தை நம்பிப் பண்டத்தைப் பதப்படுத்த இயலாது. மேலே எண்ணெய் நின்றால் போதும் என்பது இரண்டாவது; எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சையைக் குறைக்கும், ஆனால் அமிலத்தைத் தராது; காற்றில்லாத நிலையோ இந்நுண்ணுயிருக்கு ஏற்றது. நன்கு கொதிக்க வைத்தால் எல்லாம் அழியும் என்பது மூன்றாவது. இதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். அவற்றை அழிக்க, அழுத்தத்தின் உதவியால் வெப்பத்தைச் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தவேண்டும்.

ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்திலுள்ள காங்டாக்கில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளிக்கு எழுதப்பட்ட செய்முறை மலைக்கு அப்படியே பொருந்தாது என்பதை அலுவலர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

இதற்கு எளிய தீர்வு வினிகர் எனப்படும் காடியாகும். ஐந்து சதவீத அமிலமுள்ள காடி ஐந்து பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு என்பது சோதித்தறிந்த அளவுகளுள் ஒன்று. முழுக்காயைக் கீறி அடைத்தால்தான் காடி உட்புறம் வரை சேரும். அரை லிட்டர் புட்டியை மூடிக் கொதிநீரில் வைக்கும் நேரம், கடல் மட்டத்தையொட்டிய ஊர்களில் 10 நிமிடம். காங்டாக்கின் உயரத்தில் 15 நிமிடம். உறைப்புப் போதவில்லை என்றோ புளிப்பு மிகுதி என்றோ காடியின் அளவைக் குறைப்பது மட்டும் கூடாது. புளிப்பைத் தணிக்கச் சிறிது சர்க்கரை சேர்க்கலாம்.

இவ்வறிவைக் கிராமத்திற்குக் கொண்டுசெல்வதே வளர்ச்சிப் பணியின் கடமை. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில், தனியார் தொழிற்கூடங்களுக்கு மூலதனச் செலவில் 35 சதவீதம், உச்ச அளவாக 10 லட்சம் ரூபாய் மானியம் வழங்கவும், சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி அளிக்கவும் வகை செய்யப்பட்டது. நிதியுதவி இன்றியமையாததே. ஆயினும், பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு சமையற்கூடம், பி.எச். அளவியைக் கையாளக் கற்ற ஒரு பெண், ஒவ்வொரு தொகுதியின் நாளையும் அளவையும் குறித்துவைக்கும் ஒரு பதிவேடு ஆகிய மூன்றும் இல்லாவிடில் அந்நிதி உரிய பயன் தராது. சமவெளியிலிருந்து மலையேறி வரும் கண்ணாடிப் புட்டியும் காடியும் சில்லறையாக வாங்கப்படும்போது இலாபத்தை விழுங்கிவிடுவதால், அவற்றைக் கூட்டாகக் கொள்முதல் செய்வதும் அவசியம்.

புவிசார் குறியீடு ஒரு பொருளின் பிறப்பிடத்திற்குச் சான்று கூறும். புட்டிக்குள் இருப்பது உண்ணத்தக்கதா என்பதற்கு அது சான்றாகாது. ஒரு வீட்டில் நேரும் பிழையால் அப்பெயரில் விற்கும் எல்லா வீடுகளும் சந்தையை இழக்க நேரிடும். எனவே, அமில அளவைச் சோதித்துப் பார்ப்பதை ஆய்வுக்கூடத்தின் வேலை என்று ஒதுக்காமல், உப்பும் எண்ணெயும் அளப்பதுபோல் அடுக்களையின் அன்றாடப் பழக்கமாக்குவதே திட்டத்தின் வெற்றிக்கு முதற்படியாகும்.