பீரோவை விட்டு வெளியே வந்த ஆய்வேடுகள்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் அதை உலகத்துக்குக் காட்டினார்.

அதே மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்லூரி மாணவிக்கு அதைப் பற்றிப் படிக்க ஆசை வருகிறது என்று வையுங்கள். முன்பானால் திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறணும். நூலகத்தில் கடிதம் நீட்டணும். ஆய்வேடு பீரோவுக்குள், சாவி விடுப்பில் போனவரிடம்!

இப்போது ‘சோத்கங்கா’ இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் இணையத்தில் சேர்த்து வைக்கிறது. மின்பிரதி கொடுக்கணும் என்று 2009-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி போட்டது. அந்த மாணவி தன் ஊர் வெள்ளாற்றங்கரையில் உட்கார்ந்து செல்போனில் படிக்கலாம், காசில்லாமல்.

“திறந்து போட்டால் காப்பியடிப்பார்களே?” என்பார்கள். பீரோவுக்குள் இருந்தபோதுதான் காப்பியடித்தது வெளியே தெரியவில்லை. இன்று மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்துவிடும். 2018 யுஜிசி விதிப்படி 60 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஆய்வுப் பதிவே ரத்து.

ஆய்விதழ்களுக்கும் 2025 ஜனவரியில் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்தது. சுமார் 13,000 இதழ்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். நம் மாணவி தனியார் கல்லூரியில் படித்தால், அந்தக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.