டர்போவை மாற்றுமுன் குழாயைப் பாருங்கள்

(அரியாலையில் நடந்த சாரதிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



அரியாலை ஊடாகப் போகிற கண்டி வீதியால்தான் நுவரெலியா மரக்கறி லொறிகள் யாழ்ப்பாணம் வருகின்றன. அவற்றை ஓட்டி வருகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படி ஒரு தம்பி எங்கள் கராஜுக்கு வந்தார். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுண்ணே, கரும்புகையா தள்ளுது" என்றார். டர்போ போய்விட்டது, நீ மிதித்து ஓட்டியதுதான் காரணம், காசைச் சம்பளத்தில் வெட்டுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

நாங்கள் லொறிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் அடிப்பக்கம் வெடித்திருந்தது. குழாயை மாற்றினோம், லொறி இழுத்தது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

டர்போ என்பது என்ன? வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் நாட்டு அல்பிரட் பூக்கி 1905 இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1918 இல் அமெரிக்காவின் சான்போர்ட் மொஸ், டர்போ பூட்டிய விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய்ப் பரீட்சித்தார். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது என்பதே காரணம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தம் அரியாலையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் இங்கே மட்டமான வீதியில் தெரியாத ஒழுக்கு, இறம்பொடை ஏற்றத்தில் தெரிந்துவிடும். பின்னால் ஆட்களை ஏற்றிய கொழுந்து லொறி நடு ஏற்றத்தில் சக்தி இழந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எயார் பில்டர். தூசி அடைத்தால் டர்போவுக்கு மூச்சுத் திணறும். இரண்டாவது, டர்போவிலிருந்து எஞ்சின் வரை போகும் குழாய்களும் கிளிப்புகளும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கையால் வளைத்துப் பாருங்கள். ஒயில் கசிந்து தூசி ஒட்டிய இடத்தில் சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் 'உஸ்' என்று சத்தம் வந்தாலும் அதுதான். மூன்றாவது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் போகும் சிறு குழாய். கழன்றாலும் வெடித்தாலும் அழுத்தம் கெடும். நான்காவது, டர்போவுக்கு முன்னால் புகைக் குழாய் மூட்டில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டீசல் பில்டர் அடைத்தாலும் வண்டி இழுக்காது. ஆனால் அதற்குக் கரும்புகை வராது.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் டர்போவின் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்பின்னாக ஆடினால், இறகு கூட்டில் உரசினால், அது பழுது. புதிதைப் பூட்டுமுன் ஒயில் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதியதும் போய்விடும். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. உடனே நிறுத்துங்கள். ஒயிலைக் குடிக்கத் தொடங்கிய டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

டர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். ஒயிலை நேரத்துக்கு மாற்றும்படி கேளுங்கள். மாற்றாத ஒயிலுக்குச் சாரதி பொறுப்பல்ல.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு உதிரிப்பாகமும் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மாற்றுவதற்குச் சாமான் இல்லாத அந்த நாட்கள்தான் காரணத்தைத் தேடும் பழக்கத்தை எங்களுக்குத் தந்தன.

பழுதுக்குச் சம்பளத்தில் வெட்டுவோம் என்றால் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சங்கக் கிளைக்கு வாருங்கள். வெடித்த ஒரு குழாய்க்காக ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையக் கூடாது.