மலையின் முதுகுப் பக்கம்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு முதுகுப் பக்கம் தேக்கடி. நேர்வழி இல்லாததால் கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று மலையைச் சுற்றித்தான் தேக்கடியை ஒட்டிய குமுளி போய்ச் சேர வேண்டும்.

தேக்கடி மாதிரியே ஏரி உள்ள கொடைக்கானலில் ஊர் வந்தது முதலில். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி வீடு கட்டிக்கொண்ட பிறகு, 1863-இல்தான் லெவிஞ்ச் துரை அங்கே ஏரியை உண்டாக்கினார். தேக்கடி அப்படியே தலைகீழ். உல்லாசம் யார் நினைப்பிலும் இல்லை. மதுரை, ராமநாதபுரம் சீமைகள் தண்ணீரில்லாமல் காய்ந்தன. பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. 1886-இல் திருவிதாங்கூரிடமிருந்து 8,000 ஏக்கர் காட்டை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது சென்னை அரசு. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டும் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போனது. மலைக்காய்ச்சலும் காலராவும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. பென்னிகுயிக்குக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. அந்தக் கூலியாட்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்குத் திரும்பியது.

ஆக, தேக்கடி ஏரி என் கணக்கில் மலைமேல் இருக்கும் ஒரு பெரிய கண்மாய்தான். அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. படகில் போகிறவர்கள் முதலில் படமெடுப்பது அவற்றைத்தான். பிறகு திருவிதாங்கூர் அரசரின் கோடை மாளிகை வந்தது, 1934-இல் சரணாலயம் வந்தது, 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. குமுளியில் ஏலக்காய்க் கடைகளும் விடுதிகளும் பெருகின. மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் உண்டான சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இரண்டு காப்பகங்களும் ஒட்டிக் கிடக்கும் ஒரே காடு.

வேடிக்கை என்னவென்றால், பெரியாறு பிறப்பதே சிவகிரி மலையில், ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் தெற்கே. மேற்குச் சரிவில் விழுந்த மழை தேக்கடி போய், சுரங்கம் புகுந்து, மதுரை வயலுக்குப் போகிறது. ராஜபாளையம் பக்கம் இருக்கும் நமக்குக் கிழக்குச் சரிவுதான்: அய்யனார்கோவில் ஆறும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும். மேற்கே போகும் ஓடையை இந்தப் பக்கம் திருப்பிவிட முன்னோர் கட்டிய செண்பகவல்லி தடுப்பணை சிவகிரிக்கு மேலே உடைந்து கிடக்கிறது. அதைச் சீரமைத்துத் தரும்படி அந்த வட்டார விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.